சாலை வீடும் நீர் வீடும்

வீடு என்றால் ஓரிடத்தில் நிலையாக நிற்பது என்றே நாம் கருதுகிறோம். கடைக்கால் தோண்டி, சுவர் எழுப்பி, நிலை வைத்து, புதுமனை புகுவிழா நடத்திக் குடியேறிய வீடு, ஒருநாள் காலையில் எழுந்து அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வேலையினின்று ஓய்வு பெற்ற முதியவர் பலர் அத்தகைய வீட்டையே விரும்பி வாங்குகின்றனர். கணவனும் மனைவியுமாக அதில் ஏறி, ஆண்டில் பல மாதங்கள் நாட்டைச் சுற்றி வருகின்றனர். சக்கரம் பூட்டிய அந்தச் சாலை வீட்டிற்கு மோட்டார்ஹோம் என்று பெயர். அவர்களுள் சிலர், சில ஆண்டுகள் சென்றபின், அதனை விற்றுவிட்டு, டிராலர் எனப்படும் படகை வாங்கி அதிலே குடியேறுகின்றனர். சாலை வீட்டை விட்டு நீர் வீட்டிற்குப் போகும் அந்த மாற்றமே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

"நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். நம்மில் எவரும் நாளைக்கே படகு வாங்கப் போவதில்லைதான். ஆனால், ஒன்றில் வல்லவரான ஒருவர், அதைப் போலவே தோன்றும் வேறொன்றில் இறங்கும்போது, பழைய வல்லமையில் எவ்வளவு உடன் வரும், எவ்வளவு கரையிலேயே நின்றுவிடும், எவ்வளவு பகையாக மாறும் என்பது பெரியதொரு கேள்வி. பள்ளியிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து பணிக்கும் செல்லவிருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் உரிய கேள்வி அது. அதற்கு இந்த முதியவர்களின் கதையில் தெளிவான விடை இருக்கிறது.

முதலில் இரண்டு வீடுகளையும் அறிந்துகொள்வோம். பேருந்தின் அடிச்சட்டத்தின்மேல் சிறியதொரு வீட்டைக் கட்டினால் எப்படியிருக்கும், அதுவே மோட்டார்ஹோம். பெரிய வண்டிகள் 40 அடிக்கும் மேல் நீளமுள்ளவை. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, குளியலறை எல்லாம் உள்ளே உண்டு. நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, குளியல் நீருக்கும் பாத்திரம் கழுவிய நீருக்கும் ஒரு தொட்டி, மலக் கழிவுக்குத் தனியே ஒரு தொட்டி, விளக்கெரிக்க மின்கலங்கள், அவை போதாதபோது இயக்க ஒரு ஜெனரேட்டர். 1956-ஆம் ஆண்டில், ஐசனோவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது நிறைவேறிய சட்டத்தினால், 41,000 மைல் நீளத்திற்குப் பெருஞ்சாலைகள் அமைக்கத் திட்டம் வகுக்கப்பட்டது. சாலைகள் அகன்று நீளவே, வண்டிகளும் அகன்று நீண்டன.

டிராலர் என்றவுடன், வலையை இழுத்து மீன் பிடிக்கும் இழுவைப் படகே நம் கடற்கரை மக்களின் நினைவுக்கு வரும். பெயர் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் நான் சொல்லும் படகில் வலை இல்லை. மீன்பிடி படகுக்குரிய பருத்த உடலும், தாழ்ந்து உறுதியாக நீரில் அமரும் அடிப்பகுதியும், நிதானமாக உழைக்கும் டீசல் எஞ்சினும் மட்டும் அதனிடமிருந்து கடனாகப் பெற்றவை. மீன் வைக்கும் இடத்தில் படுக்கையறையும் சமையலறையும் அமைந்துள்ளன. 1960-களில் ஹாங்காங்கில் கட்டப்பட்ட 'கிராண்ட் பாங்க்ஸ்' என்னும் 36 அடிப் படகு, இவ்வகையைப் பலரும் அறியச் செய்தது. கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற ராபர்ட் பீபி என்பவர், இத்தகைய படகில் பாயின் துணையின்றி எஞ்சினை மட்டும் நம்பி நெடுந்தொலைவு செல்லும் முறையை 1975-இல் ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார்.

இரண்டு வகைப் பயணத்தையும் அறிந்த ஓர் எழுத்தாளரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஜான் ஸ்டைன்பெக் 1940-இல், 'வெஸ்டர்ன் பிளையர்' என்னும் மீன்பிடி படகில், உயிரியல் அறிஞர் எட் ரிக்கெட்சுடன் கலிபோர்னியா வளைகுடாவைச் சுற்றி வந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1960-இல், லாரி ஒன்றின்மேல் சிறு வீட்டைப் பொருத்தி, சார்லி என்னும் நாயுடன் நாட்டைச் சுற்றினார். அவர் சென்றது நீரிலிருந்து சாலைக்கு. படகில் சென்றபோது அதனைச் செலுத்தத் தலைவரும் மாலுமிகளும் இருந்தனர். லாரியை ஓட்டியவர் அவரே. நாம் பேசும் முதியவர்களோ சாலையிலிருந்து நீருக்குப் போகிறவர்கள். மாலுமிகளை அமர்த்திக்கொள்வதும் இல்லை. தலைவரும் மாலுமியும் சமையற்காரரும் அந்த இருவரே. ஆகவேதான் அவர்களுக்குக் கற்றல் என்னும் சுமை வந்து சேர்கிறது.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் பயின்ற பாடம் ஒன்று உண்டு. 'பயிற்சி மாற்றம்' என்பது அதன் பெயர். கணக்கும் இலத்தீன் இலக்கணமும் கற்றால் அறிவு முழுவதும் கூர்மையாகும்; அக்கூர்மை எத்துறைக்கும் பயன்படும் என்று ஒருகாலத்துக் கல்வியாளர் நம்பினர். 1901-ஆம் ஆண்டில் தார்ண்டைக், உட்வொர்த் என்னும் இரு அமெரிக்க உளவியலார் இந்நம்பிக்கையைச் சோதித்தனர். சில வடிவங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடுமாறு மாணவர்களைப் பழக்கினர். பின்பு வேறு வடிவங்களைக் காட்டினர். முன்பு பெற்ற திறமை எதிர்பார்த்த அளவு உடன் வரவில்லை. இரண்டு செயல்களுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவு உண்டோ, அவ்வளவே பயிற்சி இடம் மாறும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பிற்கால ஆராய்ச்சியாளர் இன்னொன்றையும் எடுத்துக்காட்டினர். இரண்டு செயல்கள் பார்வைக்கு ஒத்தும் உள்ளே மாறுபட்டும் இருந்தால், பழைய பயிற்சி உதவாததோடு நில்லாது, கெடுதலும் செய்யும்.

இந்த உண்மையைப் புத்தகத்தில் படித்தபோது நான் நன்றாக உணரவில்லை. முப்பது வயதில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றபோதுதான் உணர்ந்தேன். அதுவரை பல ஆண்டுகள் மிதிவண்டி ஓட்டியவன் நான். மிதிவண்டியின் இரண்டு கைப்பிடிகளிலும் உள்ள நெம்புகோல்கள் தடைகளே. அக்கால ஸ்கூட்டரிலோ இடக்கைப் பக்கத்து நெம்புகோல் கிளட்ச். தெருமுனையில் ஓர் எருமை குறுக்கே வந்தது. என் இடக்கை தன் பழைய பாடத்தை மறக்காமல் நெம்புகோலை முழு வலிமையோடு அழுத்தியது. எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்ட ஸ்கூட்டர் தங்குதடையின்றி ஓடி, பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவத்தின் கீற்றுத் தட்டியைத் துளைத்துக்கொண்டு நின்றது. எருமைக்கு ஒன்றும் நேரவில்லை. மிதிவண்டியே ஓட்டியறியாத ஒருவன் என் இடத்தில் இருந்திருந்தால், ஒருவேளை சரியாக நிறுத்தியிருப்பான்.

இந்த அளவுகோலை இப்போது நம் முதியவரிடம் வைத்துப் பார்ப்போம். மோட்டார்ஹோமை இருபது ஆண்டுகள் பழுதின்றி ஓட்டியவர் அவர். அவருடைய திறமையுள் முதலாவது வகை, படகிற்கும் உடன் வருவது.

சிறிய இடத்தில் வாழும் பழக்கம் உடன் வரும். எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதை அவர் முன்னரே அறிந்தவர். தொட்டியில் உள்ள தண்ணீரே தமக்குரிய தண்ணீர் என்பதும், மின்கலத்தில் தேங்கியிருப்பதே தமக்குரிய மின்சாரம் என்பதும் அவருக்குப் புதுப்பாடம் அல்ல. எண்ணெய் மாற்றவும், வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கவும், ஜெனரேட்டரின் ஒலி மாறினால் காரணம் தேடவும் அவர் பழகியிருக்கிறார். கணவனும் மனைவியும் நாள் முழுவதும் ஒரே சிறு அறையில் முகம் சுளிக்காமல் இருக்கக் கற்றிருக்கின்றனர். இது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய தேர்ச்சி. வீடு என்னும் பகுதியைப் பொறுத்தவரை, படகு அவர்களுக்குப் பாதி பழகியதே.

இரண்டாவது வகை, முற்றிலும் புதியது. சாலையில் அதற்கு இணை எதுவும் இல்லை. ஆதலால் அவர் தொடக்கத்திலிருந்தே கற்க வேண்டும். இங்கே மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது வேகம். சாலையில் வேகம் வேண்டுமானால் முடுக்கியை மிதிக்கிறோம். டிராலரில் எவ்வளவு முடுக்கினாலும் ஓர் எல்லைக்குமேல் வேகம் எளிதில் ஏறாது. காரணம் எஞ்சினிடத்தில் இல்லை, நீரிடத்தில் இருக்கிறது. செல்லும் படகு அலையை எழுப்புகிறது. அலையின் வேகமோ அதன் நீளத்தைப் பொறுத்தது. நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். நீர்மட்டத்தில் 36 அடி நீளமுள்ள படகுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். 36-இன் வர்க்கமூலம் 6, அதனை 1.34-ஆல் பெருக்கினால் சற்றேறக்குறைய 8 நாட். அந்த வேகத்தில் படகு எழுப்பும் அலை, படகின் நீளமே உடையதாகிறது. முகட்டுக்கும் முகட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் படகு அமர்ந்துவிடுகிறது. இன்னும் விரைய வேண்டுமானால், தான் எழுப்பிய அலையின்மேல் தானே ஏறியாக வேண்டும். வில்லியம் புரூட் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1870-களில், டார்க்கி என்னும் ஊரில் நீண்ட நீர்த்தொட்டி ஒன்றை அமைத்து, சிறு மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து இத்தகைய உண்மைகளை ஆராய்ந்தார்.

8 நாட் என்பது மணிக்கு 15 கிலோமீட்டர். நிதானமாக மிதிவண்டியில் பள்ளிக்கு வரும் மாணவனின் வேகம் அது! எரிபொருள் வீணாகாமலிருக்க, 7 நாட் வேகத்திலேயே பெரும்பாலும் செல்வர். எட்டு மணி நேரம் சென்றால் 56 கடல் மைல். தரைக் கணக்கில் 64 மைல். வர்ஜீனியாவிலுள்ள நார்போக்கிலிருந்து புளோரிடாவிலுள்ள மயாமி வரை நீர்வழி ஏறக்குறைய 1,090 மைல். ஒரு நாளும் ஓயாமல் சென்றாலும் 17 நாள் ஆகும். அதே தொலைவை மோட்டார்ஹோமில் மூன்றே நாளில் கடந்தவர் அவர். மெதுவாகச் செல்வதால் எரிபொருள் மிச்சமாகும் என்றும் எண்ணிவிடக் கூடாது. பெரிய மோட்டார்ஹோம் ஒரு காலன் எரிபொருளில் ஏழெட்டு மைல் ஓடும்; இப்படகோ இரண்டு மூன்று கடல் மைல்தான் செல்லும்.

இரண்டாவது, நிற்றல். வண்டியை நிறுத்தித் தடையைப் பூட்டிவிட்டால், காலையில் அது அதே இடத்தில் இருக்கும். நீரில் நிற்பது என்பதே தனியொரு செயல். நங்கூரம் தன் எடையினால் படகைப் பிடித்து வைக்கிறது என்று பலரும் நினைக்கின்றனர். அது முழு உண்மை அன்று. நங்கூரத்தின் அலகு அடிமண்ணில் புதைந்து பிடிக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் அது பிடுங்கிக்கொள்ளும். கிடையாக இழுத்தால் மேலும் புதையும். ஆகையால் கயிற்றையோ சங்கிலியையோ தாராளமாக விட வேண்டும். எவ்வளவு விடுவது? நீரின் ஆழம் 10 அடி; நீர்மட்டத்திலிருந்து படகின் முனை 5 அடி உயரம்; இரவில் ஓதம் 3 அடி ஏறும் என்று வைத்துக்கொள்வோம். ஆக 18 அடி. இதைப் போல் ஏழு மடங்கு விடுவது நல்லதொரு விதி. 18-ஐ 7-ஆல் பெருக்கினால் 126 அடி. ஓதத்தின் 3 அடியை மறந்தவன் 105 அடியோடு நிறுத்திவிடுவான். காற்று எழும் நள்ளிரவில் அந்த மறதி தன் விலையைக் கேட்கும்.

மூன்றாவது, வழியறிதல். சாலை தானே வழியைக் காட்டும்; விளிம்பைவிட்டு விலகினால் கண்ணுக்குத் தெரியும். நீரோ எங்கும் ஒன்றுபோலத் தோன்றும். நடுவில் பன்னிரண்டு அடி ஆழமும், நாற்பது கெஜம் தள்ளி முழங்கால் ஆழமும் இருக்கலாம். வரைபடமும், ஆழமானியும், மிதவைக் குறிகளுமே வழிகாட்டிகள். அமெரிக்காவில், கடலிலிருந்து துறைமுகத்திற்குள் வரும்போது சிவப்பு மிதவை வலப்பக்கம் இருக்க வேண்டும். நம் இந்தியத் துறைமுகங்களிலோ சிவப்பு இடப்பக்கம் இருக்க வேண்டும்! உலக நாடுகள் 1980-இல் கூடி, இவ்விரு முறைகளையும் இரு வட்டாரங்களாகப் பிரித்து ஒப்புக்கொண்டன. ஓரிடத்தில் உயிர் காக்கும் விதியே வேறோரிடத்தில் படகை மணல்திட்டில் ஏற்றிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

இனி மூன்றாவது வகைக்கு வருவோம். என் ஸ்கூட்டரின் இடக்கை நெம்புகோல் போன்றவை இவை. பார்வைக்குப் பழகியவை, உள்ளே நேர்மாறானவை. முதியவருக்கு இடர் விளைவிப்பது பெரும்பாலும் இந்த வகையே.

அவர் முதல்நாள் படகுத்துறையிலிருந்து புறப்படுவதை மனக்கண்ணால் காணுங்கள். எதிரே ஒரு திருப்புவட்டு. அது வண்டியின் திருப்புவட்டைப் போலவே இருக்கிறது. ஆனால் வண்டியில் அது சக்கரங்களைத் திருப்புகிறது. படகில் சுக்கானைத் திருப்புகிறது. சுக்கானின்மேல் நீர் பாய்ந்தால்தான் அதற்கு ஆற்றல் உண்டு. நீர் பாயாதபோது அது வெறும் பலகை. மெதுவாகச் செல்லச் செல்ல வண்டி நம் கைக்கு அடங்கும். படகோ கைவிட்டுப் போகும். வண்டி திரும்பும்போது முன்பக்கம் வழிகாட்ட, பின்சக்கரங்கள் தொடர்கின்றன. படகு தன் நீளத்தில் முன்னிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளியுள்ள ஒரு புள்ளியை மையமாகக் கொண்டு சுழல்கிறது. ஆகவே முன்முனை இடப்பக்கம் திரும்பும்போது, பின்பக்கம் வலப்பக்கம் வீசிச் செல்கிறது. வலப்பக்கம் துறைமேடை இருந்தால், அவர் அதினின்று விலக முயன்ற அந்த முயற்சியினாலேயே அதில் மோதுகிறார்.

மோதும் என்று கண்டவுடன் வலக்கால் தானே தடையைத் தேடுகிறது. படகில் தடை இல்லை. பின்னோக்கிச் செல்லும் விசையைக் கொடுத்தே அதனை நிறுத்த வேண்டும். அப்படிக் கொடுத்தாலும், ஒரே உந்துவிசிறி உள்ள படகு நேராகப் பின்வாங்குவதில்லை. விசிறியின் சுழற்சிக்கேற்ப அதன் பின்பக்கம் ஒருபுறமாகச் சாய்ந்து நகரும். இதற்கிடையே காற்று, வானளாவிய சுவர் போன்ற அந்த வீட்டைத் தள்ளுகிறது. அடியில் நீரோட்டமும் தள்ளுகிறது. சாலை ஒருபோதும் வண்டியின் அடியில் நகர்ந்ததில்லை. இப்போது சாலையே நகர்கிறது. எந்த வேகத்தில் மோதினாலும் தாங்கும் என்று நினைக்கிறாயோ, அதற்கு மேற்பட்ட வேகத்தில் துறையை அணுகாதே என்று அனுபவமுள்ளவர்கள் புதியவர்க்குச் சொல்வது இதனாலேயே.

சாலை விதியும் இப்படியே ஏமாற்றும். நீரில் கோடு இல்லை. விளக்குக் கம்பம் இல்லை. 1972-இல் வகுக்கப்பட்டு 1977-இல் நடைமுறைக்கு வந்த உலகப் பொதுவிதிகளின்படி, எஞ்சினால் செல்லும் இரு கலங்கள் குறுக்கிட்டால், எவர் மற்றவரைத் தம் வலப்பக்கத்தில் காண்கிறாரோ அவரே விலக வேண்டும். இரவில் இதை அறிவது எப்படி? ஒவ்வொரு கலத்தின் இடப்பக்கத்திலும் சிவப்பு விளக்கு, வலப்பக்கத்தில் பச்சை. நம் வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் கலம் தன் இடப்பக்கத்தை, அதாவது சிவப்பை, நமக்குக் காட்டும். சிவப்பைக் கண்டவர் வழிவிட வேண்டும். பச்சையைக் கண்டவர் தம் வழியிலும் வேகத்திலும் மாறாமல் செல்ல வேண்டும். இவ்வளவு எளிய ஏற்பாட்டில் எவ்வளவு நுண்ணறிவு அமைந்திருக்கிறது பாருங்கள்!

வீட்டுப் பகுதியிலும் இத்தகைய பொறி ஒன்று உண்டு. முகாமில் நிற்கும்போது வண்டிக்கு வெளியிலிருந்து மின்சாரம் எடுப்பதுபோல், துறையில் நிற்கும் படகிற்கும் எடுக்கலாம். கம்பி ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் படகு உப்புநீரில் நிற்கிறது. வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் மின்தொடர்பு கொண்டால், அவற்றுள் ஒன்று அரிக்கப்படும். துறை மின்கம்பியின் வழியே அடுத்த படகின் உலோகமும் அத்தொடர்பில் சேர்ந்துவிடக் கூடும். அதைத் தடுக்க, எளிதில் அரிபடும் துத்தநாகத் துண்டுகளைப் படகின் அடியில் பொருத்துவர். அவை தம்மை இழந்து மற்றவற்றைக் காக்கின்றன. ஹம்ப்ரி டேவி 1824-இலேயே பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க இம்முறையைச் சொன்னார். செம்பு அரிபடாமல் நின்றது; ஆனால் அதனாலேயே கொட்டலசுகள் கப்பலடியில் வந்து ஒட்டிக்கொண்டன! கரைந்த செம்பே அதுவரை அவற்றுக்கு நஞ்சாக இருந்திருக்கிறது. மேதைகளுக்கும் கடல் புதுப்பாடம் வைத்திருக்கிறது.

ஆனால் எல்லாவற்றிலும் கொடிய பழக்கம் ஒன்று உண்டு. நாள் குறிப்பது. "வெள்ளிக்கிழமை மாலை மகன் வீட்டில் இருப்போம்" என்று சாலைப் பயணி சொல்லலாம். பெரும்பாலும் அது நிறைவேறும். படகில் செல்பவர் அப்படி வாக்குக் கொடுத்தால், வியாழக்கிழமை எழும் காற்றை மதியாமல் புறப்பட நேரும். அங்கே ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை பெரும்புயல் பருவம். ஆதலால் படகுகள் இலையுதிர் காலத்தில் தெற்கே செல்வதும், வசந்தத்தில் வடக்கே திரும்புவதுமாகப் பறவைகளைப் போல் வலசை போகின்றன.

இவ்வளவு தொல்லைக்கிடையே அவர்கள் பெறுவது என்ன? சாலை காட்டாத ஒரு நாட்டை அவர்கள் காண்கின்றனர். நார்போக்கிற்குத் தெற்கே 'டிஸ்மல் சுவாம்ப்' என்னும் சதுப்பு நிலத்தினூடே ஒரு கால்வாய் செல்கிறது. 1793-இல் தோண்டத் தொடங்கி 1805-இல் திறக்கப்பட்டது. இருபுறமும் மரங்கள் கவிய, தேநீர் நிறத்து நீரில், உலாப் படகுகள் இன்று அமைதியாகச் செல்கின்றன. அக்கால்வாயைக் கையால் வெட்டியவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள். அங்கே அடிமையாயிருந்து படகு செலுத்திய மோசஸ் கிராண்டி என்பவர், தம் விடுதலைக்காக மூன்று முறை பணம் கொடுக்க நேர்ந்தது; முதல் இரண்டு முறையும் ஆண்டைகள் பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டனர். 1843-இல் வெளிவந்த அவர் வரலாறு இன்றும் படிக்கப்படுகிறது. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் பாலத்தின்மேல் பறந்து செல்பவருக்கு இந்த நீர் ஒரு கணத்தில் மறைந்துவிடும். ஏழு நாட் வேகத்தில் செல்பவரோ, இந்த நீர் யார் வெட்டியது என்று கேட்கப் போதிய நேரம் உடையவர்.

இன்னும் துணிந்தவர்கள் 'பெருஞ்சுற்று' ஒன்றை மேற்கொள்கின்றனர். அட்லாண்டிக் கரையோரம் வடக்கே சென்று, அட்சன் ஆற்றில் ஏறி, 1825-இல் திறக்கப்பட்ட ஈரிக் கால்வாய் வழியாகப் பேரேரிகளை அடைந்து, சிகாகோவிலிருந்து ஆறுகளின் வழியே மெக்சிகோ வளைகுடாவிற்கு இறங்கி, புளோரிடாவைச் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே திரும்புவது அது. ஏறத்தாழ 6,000 மைல். பெரும்பாலோர் ஓராண்டு எடுத்துக்கொள்கின்றனர். ஈரிக் கால்வாயின் தொடக்கத்தில் வாட்டர்போர்டு என்னும் ஊரில், படிக்கட்டுப் போல் அமைந்த ஐந்து நீர்ப்பூட்டுகள் படகை 169 அடி உயரத்திற்கு ஏற்றுகின்றன. கதவை மூடி நீரை நிரப்ப, வீடு மேலே எழுகிறது. அங்கே எஞ்சினுக்கு வேலையில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பொறுத்திருப்பதே வேலை.

நிறைவாக, ஆசிரியனாகிய என் மனத்தைத் தைத்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். புளோரிடா மாநிலத்தில், 1988 ஜனவரி முதல் நாளிலோ அதன் பின்னரோ பிறந்தவர்கள், பத்துக் குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள படகைச் செலுத்த வேண்டுமானால், பாதுகாப்புப் பாடம் பயின்று சான்று பெற்றிருக்க வேண்டும். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதாவது, நம் முதியவர் ஒரு தேர்வும் எழுதாமல் நாற்பதடிப் படகை வாங்கி, அன்று மாலையே செலுத்திக்கொண்டு போகலாம். வயதில் மூத்தவர் என்று சட்டம் அவரைத் தேர்விலிருந்து விடுவித்துவிட்டது. நீர் விடுவிக்கவில்லை. நங்கூரக் கயிற்றின் கணக்கும், குறுக்கே வரும் சிவப்பு விளக்கும் அவருடைய பிறந்த ஆண்டைக் கேட்பதில்லை.

அறிவுடையோர் இதை உணர்ந்து, கட்டாயம் இல்லாதபோதும் தாமே பள்ளிக்குச் செல்கின்றனர். 1914-இல் தோன்றிய படகோட்டிகள் கழகமும், 1939-இல் அமைந்த கடலோரக் காவற்படைத் துணைப்படையும் அவர்களுக்கு வகுப்பு நடத்துகின்றன. பேரப்பிள்ளை வயதுடைய ஆசிரியரிடமும் அவர்கள் முடிச்சுப் போடக் கற்கின்றனர். கணவர் மட்டும் கற்றால் போதாது. அவர் தவறி நீரில் விழுந்தாலோ, மயங்கிச் சாய்ந்தாலோ, படகைத் திருப்பவும் துணையை அழைக்கவும் மனைவி அறிந்திருக்க வேண்டும். கடல் வானொலியின் 16-ஆம் அலைவரிசையில் "மேடே" என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயரையும் இருக்கும் இடத்தையும் நேர்ந்த இடரையும் தெரிவித்துவிட்டு, பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். எடுத்தால்தான் மறுமொழி காதில் விழும். பேசிக்கொண்டே இருப்பவனுக்கு உதவி வராது என்பதை வானொலி நிலையத்தில் அமர்ந்து பேசும் நானும் நினைவில் கொள்ள வேண்டியவனே.

மாணவ நண்பர்களே! நீங்கள் ஒரு படியிலிருந்து மறுபடிக்குச் செல்லும்போதெல்லாம், உங்கள் பழைய திறமைகளை இப்படி மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். உடன் வருவதை நன்றியோடு கொண்டு செல்லுங்கள். புதியதைத் தொடக்கத்திலிருந்து கற்க நாணாதீர்கள். எது பழகியதுபோல் தோன்றுகிறதோ, அதன் முன்னே ஒரு கணம் நின்று, "இது தடையா, கிளட்சா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு கணத்தைப் பழகிக்கொள்ளாததற்கு நான் கொடுத்த விலை ஒரு கீற்றுத் தட்டி. நீரில் அது அவ்வளவு மலிவாக முடிவதில்லை.